ரஷ்ய மண் இதழும் எங்கள் அண்ணனும்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அண்ணி கேட்டபோது, ஆள் மாற்றிக் கேட்கிறார் என்றே நினைத்தேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்காகப் பள்ளிக்கூடம் வருந்தியதாகத் தெரியவில்லை. சான்டா கிளாராவில் மளிகைக் கடை வைத்து, புளிக்கும் பருப்புக்கும் விலைச்சீட்டு எழுதுவதே என் இலக்கியப் பணி.

அண்ணன் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட, அம்மா தோப்பு வேலைக்குப் போய் எங்களை வளர்த்தார். உதவித்தொகையில் ரஷ்யா போய் மண்ணியல் படித்த அண்ணன், பிறகு அமெரிக்கா வந்து சான் ரமோனில் குடியேறினார். என்னையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அதற்கு அமெரிக்கா அவரை மன்னித்துவிட்டது.

அவர் மனம் மட்டும், தான் படித்த ஊரின் மண்ணியல் இதழிலேயே கிடந்தது. அவர் காலத்தில் துறைத்தலைவர் தலையசைத்தால் போதும், கட்டுரை அச்சேறிவிடுமாம். பின்னாளில் காசு கொடுத்தால் எதையும் போடும் இதழ்கள் அங்கே முளைத்தன. அண்ணனின் இதழ் அந்த வழிக்குப் போகவில்லை. எழுதியவருக்கும் படித்துப் பார்ப்பவருக்கும் ஒருவரையொருவர் தெரியாதபடி, வெளியாட்களிடம் கட்டுரையை அனுப்பிக் கருத்துக் கேட்கத் தொடங்கியது. அப்படிப் படித்துக் கொடுத்தவர்களில் அண்ணனும் ஒருவர். சம்பளம் கிடையாது, பெயரும் வராது. போர் வந்து வெளிநாட்டுக்காரர்கள் பலர் விலகியபோதும் அவர் விலகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டுரைகளை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவார். வெளியே சொல்லக் கூடாத சமாசாரமாயிற்றே என்று ஒருநாள் கேட்டேன்.

"உன்கிட்டச் சொன்னா எப்படிடா வெளிய போகும்? புரிஞ்சாத்தான போகும்" என்றார்.

நான் கொட்டாவி விட்ட இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். எழுதியவர் அங்கே சுற்றி வளைக்கிறாராம். ரஷ்ய அறிவியலுக்கு என் பங்களிப்பு அந்தக் கொட்டாவிகள்தான்.

கடைசியாக வந்தது யாரோ ஒரு மாணவரின் கட்டுரை. அச்சானால்தான் பட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியும் என்று இதழிலிருந்து எழுதியிருந்தார்கள். அதற்குள் நோய் முற்றி, அண்ணனால் தட்டச்சு செய்ய முடியவில்லை. இதையாவது திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று அண்ணி கெஞ்சினார்.

"வேற ஆளைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஒரு வருஷம் போயிருமே" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, மகள் மீனா ஆங்கிலத்தில் அடித்தாள். திருத்த வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இனஃப் அப்பா, லெட்ஸ் ஸ்டாப்" என்றாள்.

"குத்தம் மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது கண்ணு. நல்லா எழுதியிருக்கறதையும் போடு."

அதையும் சொல்லி முடித்து அனுப்பச் செய்தார். அந்த வாரமே எங்களை விட்டுப் பிரிந்தார்.

மருத்துவமனைக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனவர்களுக்கும், ரசம் சாதம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும், நான் கடையை மறந்த நாட்களில் கல்லாவைப் பார்த்துக்கொண்ட நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போன மாதம் அந்தக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் ஒரு பெண். முடிவில், "குறைகளோடு நிறைகளையும் சொன்ன, பெயர் தெரியாத அந்த ஒருவருக்கு நன்றி" என்று எழுதியிருந்தார். மீனா கட்டுரையைக் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினாள்.

இந்த முறை ஓரிடத்திலும் நான் கொட்டாவி விடவில்லை, அண்ணா.