அண்ணி பிடித்த பாஸ் மீன்

எங்கள் மீன்பிடிக் குழுவின் இணையப் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு புகைப்படம். வடக்கு டெக்சாஸில் ஓர் அணைக்கட்டு ஏரியின் கரை. சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் பெரிய பாஸ் மீன் ஒன்றின் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பற்றித் தூக்கிக் காட்டுகிறார். காபி டம்ளரே உள்ளே போய்விடும் போலத் திறந்திருக்கிறது மீனின் வாய். அவருக்குப் பின்னால், அணை கட்டியபோது நீரில் முங்கிச் செத்த மரங்கள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. தொப்பிக்காரர் என் அண்ணன். படத்தின் கீழே “நம் குழுவின் மிகப் பெரிய மீன்” என்று எழுதி அண்ணனின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். பதினொரு வருடமாக அந்தப் பெயர் அங்கே இருக்கிறது, பதினொரு வருடமாக அது பொய். மீனைப் பிடித்தவர் அந்தப் படத்திலேயே இல்லை. படத்தை எடுக்கச் சொல்லி அவர் கையில் போனைக் கொடுத்துவிட்டார்கள். அவர் என் அண்ணி.

அண்ணி என்கிறேனே தவிர, வயதில் அவர் என்னைவிட மூன்று மாதம் சின்னவர். முறை முறைதான் என்பதால் நான் அவரை வாங்க போங்க என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அம்பத்தூர்க்காரர், நுண்ணுயிரியல் படித்தவர். கல்யாணமாகி இங்கே வந்தபோது விசாவில் ‘டிபென்டென்ட்’ என்று குத்தி அனுப்பினார்கள். வேலை பார்க்கக் கூடாது. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் அண்ணன் பெயரில்தான். எனக்கு முதல் வேலை கிடைத்து அவர்கள் வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். “இந்த ஊர்ல நான் இருக்கேங்கறதுக்கு அத்தாட்சி உங்க அண்ணன்தான் தம்பி. அவர் மறந்துட்டார்னா நான் இல்லை” என்று சாம்பாரைக் கிண்டிக்கொண்டே ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கரண்டி கொஞ்சம் வேகமாகச் சுற்றியது.

அபார்ட்மெண்ட் குப்பைத் தொட்டியின் ஓரத்தில் யாரோ விட்டுப்போன பழைய தூண்டில் ராடு ஒன்றை அவர் எடுத்து வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஏரி பத்து நிமிட நடை. வார நாட்களில் வேறு என்ன செய்வது? முறைப்படி மீன்பிடி லைசென்ஸ் வாங்கினார், நூலகத்தில் இருந்த புத்தகங்களைப் படித்தார், மிச்சத்தை ஏரியைப் பார்த்தே கற்றுக்கொண்டார். லேபில் குறிப்பெழுதிப் பழகிய கை அல்லவா, ஒரு நோட்டில் தண்ணீரின் வெப்பம், காற்றின் திசை, எந்த மரத்தின் அடியில் என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதிவைத்தார். முதல் ஐந்து வாரம் எதுவும் மாட்டவில்லை என்பதையும் அதே ஒழுங்கோடு எழுதியிருக்கிறார். “கடையில கேட்டா வெட்டியே குடுப்பான். இவ ஏன் வெயில்ல நிக்கறா?” என்பார் அண்ணன். ஊரிலிருந்து வீடியோ காலில் வரும் என் அம்மாவுக்கோ, மருமகள் மீனைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுவதுதான் தாங்கவில்லை. “விட்டுடறதுன்னா அப்புறம் எதுக்குடி பிடிக்கற?” “எங்க குடியிருக்குன்னு தெரிஞ்சுக்கறேன் அத்தை. விலாசம் தெரிஞ்சா போதும்.” “கொழம்புக்கு ஆகாத விலாசம்!” என்று அம்மா போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள்.

சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். எனக்கு மீனைவிட அண்ணியின் பேச்சுதான் முக்கியம். எனக்குச் சொல்வதாக நினைத்து அவர் சொல்லமாட்டார், தண்ணீரைப் பார்த்து முணுமுணுப்பார். ஆகஸ்ட் மாத வெயிலில் எல்லாரும் ஏரி நடுவே வீசிக்கொண்டிருக்க, அவர் பாலத்துத் தூண்களின் அடியில் போடுவார். “வெயில்ல அலையறது நாமதான். அதுக்கு அறிவிருக்கு, நிழல்ல உக்காந்திருக்கு.” காற்றடிக்கும் நாளில் எல்லாரும் அமைதியான ஓரம் தேட, இவர் அலை மோதும் கரைக்கு நடப்பார். காற்று சின்ன மீன்களை அந்தப் பக்கம் தள்ளும், பெரியது பின்னாலேயே சாப்பிட வரும் என்பது கணக்கு. “நமக்கு சௌகரியமான கரையில மீனுக்கு என்ன வேலை?” பெட்டி நிறைய விதவிதமான பொய் இரைகளை வாங்கி அடுக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு முழு வருடம் கறுப்புப் பிளாஸ்டிக் புழு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிடித்தார். கொக்கியின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே திருப்பிச் செருகிவிட்டால், முங்கிய மரக்கிளைகளில் மாட்டாமல் நழுவி இறங்கும். “முதல்ல ஒண்ணோட குடும்பம் நடத்தட்டும். அதுக்குள்ள என்ன பத்து?” மீன் அந்தப் புழுவை எடுக்கும்போது கைக்கு ‘டப் டப்’ என்று இரண்டு தட்டல் வரும். என்னைப் போன்றவர்கள் அலறி அடித்துக்கொண்டு உடனே இழுத்து, வெறும் கொக்கியை வாங்கிக்கொள்வோம். அண்ணி ராடைத் தாழ்த்துவார், தொய்ந்த நூலை இரண்டு சுற்றுச் சுற்றுவார், நூல் பக்கவாட்டில் நகர்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் இழுப்பார். “கதவைத் தட்டினதும் ஓடிப்போய்த் திறக்கக் கூடாது தம்பி. யாருன்னு கேளுங்க.” சரியாக மீன் பிடிக்க விரும்புகிறவர்கள் இந்த நாலைந்தைக் கடைப்பிடித்தாலே போதும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல யோசனையை யாரும் சொன்னதில்லை.

பிறகு அண்ணனின் ஆபீஸ் மேனேஜர் மீன் பிடிப்பவர் என்று தெரியவந்தது. அடுத்த மாதமே எங்கள் வீட்டு வாசலில் மினுமினுப்புப் பெயின்ட் அடித்த படகு ஒன்று நின்றது. சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மீன்பிடிக் குழு ஆரம்பித்தன. எங்கள் ஆட்கள் என்ன ஆரம்பித்தாலும் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பொங்கல் விழாவோ, பாட்லக் விருந்தோ, குடும்பத்துக்கு ஒரு பெயர்தான் பட்டியலில் ஏறும். இன்னார் அண்ட் ஃபேமிலி. அந்த இன்னார் யார் என்று யாரும் கேட்பதில்லை. மீன்பிடிப் போட்டிக்கும் அப்படியேதான் பதிவு செய்தார்கள். தூண்டிலைத் தொட்டே பார்க்காத மனிதர்கள்கூடப் போட்டியாளர்கள் ஆனார்கள், பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் ஃபேமிலி ஆனார்கள்.

போட்டி நாள் வசந்தகாலத்து ஞாயிறு, நல்ல காற்று. என் தமிழ்க் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சொல்லி, எடை பார்க்கும் மேஜையில் என்னை உட்காரவைத்து, வெள்ளைப் பலகையையும் மார்க்கரையும் கொடுத்தார்கள். அண்ணனும் அண்ணியும் படகில் போனார்கள். மற்றவர்கள் எல்லாம் காற்றில்லாத வளைவில் ஒதுங்கியிருந்தார்கள். அண்ணிதான் காற்றடிக்கும் கரைக்கு விடச் சொல்லியிருக்கிறார். படகில் தண்ணீர் தெறிக்கிறது என்று அண்ணன் புலம்பியிருக்கிறார். அப்போது அவருக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு, ஏதோ சர்வர் விழுந்துவிட்டதாம். அவர் படகின் முன்பக்கம் காதில் போனோடு உட்கார்ந்திருக்க, பின்னால் நின்றிருந்த அண்ணி ஒரு முங்கிய மரத்தின் அடியில் புழுவை இறக்கியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னவர் வேறு யாருமல்ல, அண்ணனேதான். அன்று சாயங்காலம் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். “நான் மியூட்ல ‘யெஸ் யெஸ்’னு தலையாட்டிட்டு இருக்கேன்டா. திரும்பிப் பாத்தா வலைக்குள்ள ஒரு பன்னிக்குட்டி கெடக்கு!”

மீனைத் தண்ணீர் நிரம்பிய பையில் தூக்கிக்கொண்டு வந்தது அண்ணிதான். சட்டை முழுக்க நனைந்திருந்தது, முழங்கையில் சிராய்ப்பு. தராசில் ஒன்பது பவுண்டு நான்கு அவுன்ஸ், நாலு கிலோவுக்கு மேல். கூட்டம் முழுக்கக் கத்தியது. குழுவின் செயலாளர் அண்ணனின் முதுகில் தட்டினார். “பாஸ், பாஸ் பிடிச்சிட்டீங்க பாஸ்!”

“நான்தான் பிடிச்சேன்” என்றார் அண்ணி.

 எல்லாரும் சிரித்தார்கள். “என்ட்ரி சார் பேர்லதானே இருக்கு சிஸ்டர்? கப் எப்படியும் உங்க ஷோகேஸுக்குத்தானே வரப்போகுது” என்றார் செயலாளர். பிரியாணிப் பக்கமிருந்து ஒரு ஆன்ட்டி, “விட்டுக்குடும்மா, ஆம்பளைங்க ஆசைப்படறாங்க” என்று கைதட்டினார். நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்னது, “ஆமா, அவளும் நல்லா ஹெல்ப் பண்ணா.”

ஹெல்ப்! இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. யார் யாருக்கு ஹெல்ப் செய்தது? ஐந்து வாரம் வெறுங்கையோடு நின்றவர், நோட்டு நோட்டாக எழுதியவர், இந்த நாட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு திறமையைத் தானாக உண்டாக்கிக்கொண்டவர், போனில் தலையாட்டிக்கொண்டிருந்தவருக்கு ஹெல்ப் செய்தாராம்.  அண்ணியின் கையில் போனைத் திணித்தார்கள், படம் எடுத்தார். அண்ணனின் கையிலிருந்து மீனை வாங்கிக்கொண்டு, முட்டிவரை தண்ணீரில் இறங்கி, அதன் வாலைப் பிடித்தபடி நின்றார். மீன் செவுள்களை விரித்து விரித்து மூச்சு வாங்கியது. நிறைய நேரம் அப்படியே நின்றார். பிறகு அது தானாகவே கையை விட்டு நழுவிப் போயிற்று. அந்தக் குழுவுக்கு அவர் மறுபடி வரவில்லை.

இப்போது அண்ணிக்கு வேலை பார்க்க அனுமதி கிடைத்து, ஒரு மருத்துவமனை லேபில் இருக்கிறார். வார இறுதியில் ஷிப்ட், வார நாட்களில் விடுமுறை. அந்த நாட்களில் தனியாக ஒரு கயாக் படகை காரின் மேலே கட்டிக்கொண்டு வேறொரு ஏரிக்குப் போகிறார். நானும் அந்த விஷயத்தை ஒருமாதிரி மறந்துதான் இருந்தேன். போன மாதம் குழுவின் ஆன்லைன் கூட்டத்தில் அண்ணன் பேசுவதாக அறிவிப்பு வந்தது. தலைப்பு, ‘நீங்களும் முன்னேறலாம்: ஒரு சாம்பியனின் அனுபவங்கள்’. கேட்கலாமே என்று சேர்ந்தேன். முதல் ஸ்லைடிலேயே, “நமக்கு சௌகரியமான கரையில் மீனுக்கு என்ன வேலை?” அடுத்ததில், “முதலில் ஒன்றோடு குடும்பம் நடத்துங்கள்.” கதவைத் தட்டினால் யாரென்று கேட்பது நான்காவது ஸ்லைடில் வந்தது. “இது என் சொந்த அனுபவத்துல கண்டுபிடிச்சது” என்றார். பார்த்தவர்கள் கைதட்டும் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள்.

நான் மைக்கைத் திறந்து, “அண்ணா, இதெல்லாம் அண்ணி சொன்னது. அந்த மீனும் அண்ணி பிடிச்சது” என்றேன்.  “வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்கலாம்டா” என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் யாரோ என் மைக்கை அடைத்துவிட்டார்கள். மறுநாள் செயலாளருக்கு போன் செய்து, அந்தப் பெயரை மாற்றுங்கள் என்றேன். “பழசை ஏன் சார் கிளர்றீங்க? ரூல்படி ஃபேமிலி என்ட்ரி. ஃபேமிலிக்குள்ள யார் பிடிச்சாங்கன்னு நாங்க பாக்க முடியுமா?” “படத்துல மட்டும் ஃபேமிலியைக் காணோமே சார், ஒருத்தர்தானே நிக்கறார்?” என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

இதையெல்லாம் அண்ணியிடம் போனில் ஒப்பித்தேன், அன்றைய பிரியாணி ஆன்ட்டி வரை எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். உள்ளூர எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அவருக்காகச் சண்டை போட்டிருக்கிறேன் அல்லவா. நான் முடிக்கும்வரை பொறுத்தார். பிறகு கேட்டார்.

“அன்னைக்கு மார்க்கர் யார் கையில இருந்துச்சு தம்பி?”

 பலகையில் அண்ணன் பெயரை அழகான தமிழ்க் கையெழுத்தில் எழுதியவன் நான். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்.

“கோபமா கேக்கலை. நீங்க உங்க அண்ணனைத் திட்டினீங்க, செக்ரட்டரியைத் திட்டினீங்க, அந்த ஆன்ட்டியைக்கூட விடலை. லிஸ்ட்ல ஒரு ஆள் குறையுதேன்னு பார்த்தேன்.”

“நீங்க ஏன் அண்ணி அப்பவே இன்னொரு தடவை சொல்லலை?”

“ஒரு தடவை சொன்னதுக்கே அத்தனை சிரிப்பு. மீன் வேற மூச்சு முட்டிட்டு இருந்தது. உங்களையெல்லாம் திருத்தறதா, அதைத் தண்ணில விடறதா?”

இதை அப்படியே எழுதப்போகிறேன் என்றேன். எழுதுங்கள் என்றார். பிறகு, “ஆனா ஒண்ணு. நீங்க எழுதினாலும் முதல் வரியிலேர்ந்து கடைசி வரைக்கும் அண்ணி, அண்ணின்னுதான் எழுதுவீங்க. ஊர்ல எத்தனை அண்ணி இருக்காங்க? எனக்குப் பேர் இருக்கு தம்பி” என்றார்.

அவர் சொன்னபடியேதான் செய்திருக்கிறேன் என்பது மேலே பார்த்தால் தெரிகிறது. அண்ணன் இதைப் படிப்பார், கோபப்படுவார். படட்டும். குழுவிலிருந்து என்னை நீக்கினாலும் நீக்கட்டும். அன்று பலகையில் நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்: ஒன்பது பவுண்டு, நான்கு அவுன்ஸ். காற்றடித்த கரையில், முங்கிய மரத்தின் அடியில். பிடித்தவர் கலைச்செல்வி.