சித்தப்பா வாங்கிய சைட்

சித்தப்பா சைட் வாங்கிவிட்டதாகச் சொன்னதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆரணியில் எங்களுக்குப் பட்டுச்சேலைக் கடை இருந்ததே தவிர, ஒரு துண்டு மனை கிடையாது. எங்கே, எவ்வளவு என்று கேட்பதற்குள் சித்தப்பா பிரௌசிங் சென்டருக்குப் போய்விட்டார். இனித் தம்பிக்குத் தைரியமாகப் பெண் கேட்கலாம் என்று அப்பா முடிவு செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே களம்பூருக்குப் புறப்பட்டோம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பஜ்ஜி கிடைக்குமென்று ஒட்டிக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா ரைஸ்மில் வைத்திருந்தார். அவரிடம் அப்பா, "தம்பி இப்பதாங்க சைட் ஒண்ணு வாங்கினான்" என்று ஆரம்பித்தார்.

"எந்தப் பக்கம் தம்பி? ரோட்டு மேலயே இருக்குதா?"

சித்தப்பா நெளிந்தார். "அது இன்டர்நெட்ல இருக்குதுங்க. நம்ம கடைப் பேரு, பின்னால டாட் காம். அத டைப் பண்ணா யார் வேணாலும் நம்ம சேலையப் பாக்கலாம்."

அப்பா கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"பத்திரம் யார் பேர்ல?" என்றார் பெண்ணின் அப்பா.

"பத்திரம் கிடையாதுங்க. வருஷா வருஷம் பணம் கட்டணும். விட்டா வேற யாராவது எடுத்துக்குவாங்க."

"அப்ப வாடகைக்கு இருக்கீங்க" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

சித்தப்பா விடவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நீளமாக ஒரு நம்பர் உண்டு, அது யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதற்காகத்தான் பெயர் என்று விளக்கினார்.

"போன்ல நம்பர்தான் போடறோம். அதுக்கு யாரு பேரு வச்சா?"

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

காபி கொண்டுவந்த அக்கா, தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார். "சேலை போட்டோல்லாம் நல்லாத் தெரியுதுங்களா?"

"எங்கங்க. சென்டர்ல நல்லாத்தான் இருக்குது. எஃப்டிபில சைட்டுக்கு அனுப்பினா அங்க போய்க் கெட்டுப்போவுது. ஒரே பேஜாரு."

"எழுத்து அனுப்புற மோட்லயே போட்டோவையும் அனுப்புறீங்க போல. பைனரி மோட்ல வச்சு அனுப்புங்க, சரியா வரும்."

அந்த அக்கா வேலூரில் கம்ப்யூட்டர் படித்தவராம்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா திட்டித் தீர்த்தார். "மில்லுக்காரரு மனையக் கேக்குறாரு, நீ மாயத்தப் பேசிகினு இருக்கிற." சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தார். திட்டு வாங்குகிறவருக்குச் சிரிப்பு எப்படி வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"பைனரின்னா என்ன சித்தப்பா?"

"உங்க சித்தியக் கேளு."

அம்மாவுக்குத் தங்கை கிடையாது. சித்தப்பாவுக்கோ கல்யாணமே ஆகவில்லை. இருந்தாலும், எனக்குத் தெரியாமல் சித்தி யாராவது ஏறியிருக்கிறார்களோ என்று, ஆரணி வரும்வரை பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.