மாறுகண் அண்ணியின் இரட்டைப் படம்

தட்டையான காகிதத்துக்குள் பள்ளம் எங்கிருந்து வருகிறது? அந்தப் படப் பட்டறையை முதன்முதலில் எட்டிப் பார்த்த அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவள் அங்கே ஒருத்திதான். தெருவே அவளை மாறுகண் அண்ணி என்றது.

கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. ஒரே காட்சியை இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரண்டாக வரைவாள். கிட்டே இருப்பது இரண்டாவது படத்தில் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். தூரத்தில் இருப்பது குறைவாக. இரட்டைக் கண்ணாடிப் பெட்டியில் செருகிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி ஆழம் தெரியும்.

புருஷன் இறந்ததும் பட்டறை கொழுந்தன் கைக்குப் போயிற்று. முதல் வேலையாகப் பெட்டியைப் பூட்டி வைத்தான்.

"உடைச்சிட்டீங்கன்னா யாரு பதில் சொல்றது அண்ணி?"

அவள் கெஞ்சவில்லை. பெட்டி இல்லாமல், கண்களை மூக்குப் பக்கம் திருப்பி, படங்களைச் சேர்த்துப் பார்க்கப் பழகினாள். தெரு வைத்த பெயர் அதனால் வந்ததுதான். அப்படிப் பார்க்க வலக்கண் படம் இடப்பக்கம் இருக்க வேண்டும்; பெட்டிக்கோ நேர்மாறாக.

ஒரு கட்டட முதலாளி, மாடியிலிருந்து கீழே பார்க்கும் சுழல் படிக்கட்டு ஒன்று கேட்டார்.

"இது சொதப்பிச்சுன்னா மேசையைக் காலி பண்ணிடுங்க" என்றான் கொழுந்தன். அந்த மேசையை விட்டால் அவளுக்கு வரைய வேறு இடம் கிடையாது.

இரவு பகலாக வரைந்தாள். கண் பழகிய வரிசையிலேயே அட்டையில் ஒட்டியும் விட்டாள்.

கொழுந்தன் பூட்டைத் திறந்து எடுத்துத் தந்த பெட்டிக்குள் முதலாளி பார்த்தார். "என்னம்மா, கீழ்த்தளம் என் மூக்குல வந்து இடிக்குது!"

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "பள்ளம் கேட்டாரு, மலையைக் கட்டி வச்சிருக்கீங்களே!"

"வரைஞ்சது சரிதான். ஒட்டினதுதான் தப்பு. கையை எடு" என்றாள் அண்ணி.

அட்டையை நடுவில் வெட்டி, பாதிகளை இடம் மாற்றிச் செருகினாள். முதலாளி பார்த்தார், சட்டென்று ஓரடி பின்வாங்கினார். "அம்மாடி! தலை சுத்துது!"

"நான்தான் சார் மாத்தச் சொன்னேன்" என்று கொழுந்தன் முந்திக்கொண்டான். "ஆனா தப்பு தப்புதான். அண்ணி நாளைக்கே கிளம்பிடுவாங்க."

அவள் இடப்பக்கப் பாதியை உருவிப் பைக்குள் போட்டாள்.

"படத்தைக் குடுங்க!"

"பாதி உன்கிட்ட இருக்கே தம்பி. என்னை ஒத்தக்கண்ணாலதானே பாக்குற? அது போதும் உனக்கு."

முதலாளி மறுபடி குனிந்து பார்த்தார். ஒரு பாதி மட்டும் இருந்ததால் படிக்கட்டு ஆழமில்லாமல் பலகையாகக் கிடந்தது. அவள் பின்னாலேயே இறங்கிப் போனார்.

இப்போது அவளுடைய மேசை அவர் கட்டடத்தில் இருக்கிறது. கொழுந்தன் எதிரே வந்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்தப் படத்தைத் தன் படம் என்றுதான் அவன் இன்னமும் சொல்லித் திரிகிறான். அதனால் கேட்கிறேன்: வரைந்தது யார் என்பதை நாலு பேரிடம் நீங்களும் சொல்லுங்கள்.