ஈரச் செருப்பு

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். பேய் என்றால் சிரிக்கிற ஆள். இப்போது சிரிப்பதில்லை.

2007, தீபாவளிக்கு முந்தைய வாரம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. பெயர் வேண்டாம். அம்மா வெள்ளைத்தாய் அங்கே பாக்கிங் வேலை, நான் ஆபீஸில். ஓடையை மண்ணடித்து மூடி, அதன்மேல் ஷெட் கட்டியிருந்தார்கள். மேற்கே மலையில் கனமழை என்று ரேடியோ சொன்னது. மற்ற ஷெட் ஆட்கள் போய்விட்டார்கள். அம்மாவின் ஷெட்டை மட்டும் விடவில்லை. போர்மேன் காசிராஜனிடம் போனேன்.

“அண்ணாச்சி, ஓடைக்குள்ள இருக்கோம். பொம்பளைகள அனுப்பிருங்க.”

“நாலு எழுத்துப் படிச்சா ஓடைக்கே பாடம் எடுப்பியோ? நான் பொறந்ததுலருந்து இங்கன தண்ணி வந்ததே இல்ல. ஆர்டர் முடியாம ஒருத்தி நகரக் கூடாது.”

சாயங்காலம் 5.10. அம்மாவைக் கூப்பிட நானே ஷெட்டுக்குப் போனேன். வெடிமருந்து சிந்திய தரை, உரசினால் தீ. அதனால் எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். காசிராஜன் மட்டும் தோல் செருப்போடு நடப்பார். கேட்க ஆள் இல்லை.

உள்ளே ஏழு பெண்கள். வாசலில் எட்டு ஜோடி.

எட்டாவது, நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு தூறல்கூட விழவில்லை.

“யாரு செருப்புக்கா இது?”

“ஒனக்கு மாப்பிள்ள வீட்டுச் சீருடி. ஊக்கெல்லாம் குத்தி அனுப்பியிருக்காக!” என்றாள் சண்முகத்தாய். எல்லாரும் சிரித்தார்கள்.

“அம்மா, கெளம்பு.”

“இப்ப போனா நாளைக்கு வராதம்பாரு. நீ போ.”

எரிச்சலோடு திரும்பி நடந்தேன்.

பளக்... பளக்...

ஈரச் செருப்பு நடக்கிற சத்தம். முதுகுக்குப் பின்னால்.

திரும்பினேன். ஆள் இல்லை. வாசலில் செருப்பும் இல்லை. ஒரு ஜோடிகூட.

கத்தினேன். ஏழு பேரும் வெளியே ஓடி வந்தார்கள்.

“எந்த எடுபட்ட நாய் எம் புதுச் செருப்பத் தூக்குனது?”

அதோ... தூரத்தில்... ரோட்டு மேட்டில்... வரிசையாகச் செருப்புகள்.

வைதுகொண்டே ஏறினார்கள். நானும் பின்னால் ஓடினேன். காசிராஜன் ஷெட் வாசலில் வந்து நின்று கத்தினார்.

“செருப்பு போனாப் போகுது, வேலைக்கு வாங்கடி!”

மேட்டில் எண்ணினேன். ஏழு ஜோடி. எல்லாம் காய்ந்த செருப்பு.

கீழே பார்த்தேன். காசிராஜனின் காலுக்குப் பக்கத்தில்...

நீல வார்.

5.25. ஒரு இரைச்சல்... லாரி என்று நினைத்தேன்.

லாரி இல்லை.

ஓடை.

செம்மண் நிறத்தில்... ஆள் உயரத்துக்கு...

“அண்ணாச்சி!”

ஷெட் இல்லை. அவரும் இல்லை.

ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.

மறுநாள் கண்மாய்க் கரையில், கருவேல முள்ளில் மாட்டிக் கிடந்தார். தோல் செருப்பைக் காணோம். கால்களில் நீல வார் ரப்பர் செருப்பு. பொம்பளை அளவு. குதிகால் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வாரில் ஊக்கு, துருப்பிடித்து.

அவருடைய மாமியார் வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். அலறினாள்.

“எம் மக முத்துப்பேச்சி செருப்புல்ல இது!”

முத்துப்பேச்சி காசிராஜனின் பெண்டாட்டி. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதே ஓடை வெள்ளம் அவளைக் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவே இல்லை.

அந்த ஓடை நிலத்தை ஷெட் கட்ட முதலாளிக்குப் பேசி முடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? காசிராஜன்தான்.

தண்ணி வந்ததே இல்லையாம்.