ஹஸன் நின்ற நேரம் 12.31

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர், நதீராவுக்கு அன்று மூளை குழம்பிவிட்டது என்கிறார்கள். ஒன்றும் குழம்பவில்லை. அவள் நிமிடம் நிமிடமாக எழுதிவைத்த கொப்பி இன்னும் இருக்கிறது. இரவுமில்லை, இருட்டுமில்லை. 1998ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகல். பேய் என்றால் பன்னிரண்டு மணி இரவு என்று நினைப்பவர்கள், பன்னிரண்டு மணிப் பகலுக்கும் கொஞ்சம் பயந்துவைப்பது நல்லது.

நதீராவுக்குக் கல்முனையில் வேலை, ஒரு சின்னத் தொலைபேசிக் கம்பனியில். கம்பனியின் இரண்டு பெரிய கம்ப்யூட்டர்கள் இருந்ததோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால், அட்டாளைச்சேனையில், ஏசி போட்ட ஒரு பூட்டிய அறையில். வீதியெல்லாம் சோதனைச் சாவடி. நினைத்த நேரம் போய்வர முடியாது. ஆகவே கல்முனையில் இருந்தபடியே டெலிபோன் வயர் வழியாக அவற்றை மேய்ப்பதுதான் அவள் வேலை. இங்கே தட்டுவாள், அங்கே நடக்கும்.

இரண்டும் சோடி. ஒவ்வொரு செக்கனும் ஒன்று மற்றதற்கு 'இருக்கிறேன்' என்று சைகை அனுப்பும். பத்துச் செக்கன் சைகை வராவிட்டால், மற்றது அதன் பெயரையும் வேலையையும் தானே எடுத்துக்கொள்ளும். ஒன்று நின்றுபோனது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அங்கே அவற்றைப் பராமரித்த இருவரின் பெயரையே மெஷின்களுக்கும் வைத்திருந்தார்கள். ஒன்று அபூசாலி, மற்றது ஹஸன். மெஷின் நின்றால் 'மௌத்து' என்பார்கள். மனிதர் இறந்தால் சொல்கிற சொல் அது. அந்தப் பகிடியைத் தொடங்கியவனே ஹஸன்தான். "நதீரா, இண்டைக்கு நான் ரெண்டு தரம் மௌத்து" என்று டெலிபோனில் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஹஸன் அவளுடைய மச்சான், அவள் ராத்தா என்று கூப்பிடும் அக்கா ஹாஜறாவின் கணவன். ஹாஜறாவுக்கு அப்போது எட்டு மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. பிரஷரும் இருந்தது. சின்ன அதிர்ச்சிகூடக் கூடாது, தாயும் தப்பாது பிள்ளையும் தப்பாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீடு அட்டாளைச்சேனைப் பள்ளிவாசலுக்குப் பின்வளவு. அந்த வீட்டில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தாலும் எல்லோரும் பதறினார்கள்.

அன்று காலை 11.52க்கு டெலிபோன் அடித்தது.

"நதீரா."

"மச்சானா? சொல்லுங்க."

"நான் ஜும்ஆக்குப் போகல்ல."

"ஏன், சுகமில்லையா?"

"குளிரா இரிக்கி."

வைத்துவிட்டான். எதுவோ குறைந்த மாதிரி இருந்தது நதீராவுக்கு. கொஞ்சம் கழித்துத்தான் பிடிபட்டது. ஸலாம் சொல்லவில்லை. ஸலாம் சொல்லாமல் ஹஸன் அவளோடு ஒருநாளும் கதைத்ததில்லை. இன்னொன்றும் இருந்தது. அவன் குரலுக்குப் பின்னால் ஏசி இரைந்தது. அங்கே டெலிபோன் இருப்பது வெளியே, நடையில். அறைக்குள் டெலிபோனே கிடையாது.

12.10க்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவள் வேலைசெய்த கந்தோரில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போனார்கள். கடைகள் பூட்டின. வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் கல்முனை வெறிச்சோடிவிடும். நதீரா தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

12.31.

ஹஸனிடமிருந்து சைகை இல்லை... ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஹஸன் நின்றது. அபூசாலி அதன் வேலையை எடுத்துக்கொண்டது. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அவள் கொப்பியில் நேரத்தைக் குறித்தாள்.

12.34. திரையில் ஒரு வரி வந்தது. ஹஸன்: இருக்கிறேன். அடுத்த செக்கன் இல்லை.

12.37. மறுபடி. ஹஸன்: இருக்கிறேன்.

அவள் மெஷினைத் திரும்பத் தொடக்கும்படி இங்கிருந்து கட்டளை கொடுத்தாள். பதில் இல்லை. மூன்று முறை கொடுத்தாள். இல்லை.

12.43க்கு அட்டாளைச்சேனைக்கு எடுத்தாள். கூட்டித் துடைக்க வந்த சுபைறா எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள்.

"சுபைறா மாமி, மச்சான் எங்க?"

"காணல்ல புள்ள. ரூமு பூட்டிக் கெடக்கு."

"அபூசாலி காக்கா?"

"அக்கரைப்பற்றுக்குப் போனவரு. அப்பிடியே பள்ளிக்குப் போயிருப்பாரு."

"அவரு வந்த ஒடன சொல்லுங்க. ஹஸன் மௌத்து."

அந்தப் பக்கம் ஒரு அலறல். டெலிபோன் சுவரில் மோதியது. செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடி மறைந்தது.

அந்த மனுசிக்குப் பகிடி தெரியாது! எங்கே ஓடுகிறாள் என்றும் நதீராவுக்குப் புரிந்துவிட்டது. பள்ளிவாசலுக்குத்தான். பள்ளியில் சொன்னால் மரண அறிவித்தலாக ஒலிபெருக்கியில் வரும். ஒலிபெருக்கிக்குக் கீழே ஹாஜறா...

"மாமி! மாமி! மெஷின் மாமி, மெஷின்!"

கேட்க ஆள் இல்லை. ராத்தா வீட்டில் டெலிபோனும் இல்லை. வைத்துவிட்டால் இந்த லைனும் போய்விடும். அவள் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

அப்போதுதான் அது கேட்டது.

டக்.

ஒரு செக்கன்.

டக்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருந்து.

"மச்சான்?"

டக்.

அவள் திரையைப் பார்த்தாள். ஹஸன்: இருக்கிறேன்.

டக்.

ஹஸன்: இருக்கிறேன்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி. தவறாமல். திரை நிரம்பி மேலே மேலே ஓடியது...

1.06. தொழுகை முடிந்தது. டெலிபோன் வழியாக, தூரத்தில், ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஜனாஸா அறிவித்தல்..."

ஹஸனின் பெயர். ஹஸனின் தகப்பன் பெயர்.

தட்டுவது நின்றது.

திரையும் நின்றது.

1.14. ஓடிவரும் சத்தம். மூச்சு வாங்க அபூசாலி டெலிபோனை எடுத்தார்.

"நதீரா! ஒனக்கு ஆரு சொன்ன?"

"நான் மெஷினச் சொன்ன காக்கா! அல்லாஹ்க்காக ராத்தாட்ட ஓடுங்க, பொய்யெண்டு சொல்லுங்க! மச்சான் ரூமுக்குள்ளதான் இரிக்காரு. தட்டினாரு. எனக்குக் கேட்ட."

சாவி திரும்பியது.

கதவு.

ஏசி இரைச்சல்.

"காக்கா?"

"இன்னாலில்லாஹி..."

ஹஸன் கரண்ட் அடித்து விழுந்து மௌத்தாகிக் கிடந்தான். நதீரா அன்று வாகனம் பிடித்து, மூன்று சாவடியிலும் இறங்கி நடந்து, ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஹாஜறாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அறிவித்தல் கேட்ட இடத்திலேயே மயங்கி விழுந்தவளுக்கு, இரவு பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் தப்பியது டொக்டருக்கே ஆச்சரியம். ஆனாலும் நதீராவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாயால்தான் அந்தச் சொல் போனது. தட்டிக்கொண்டிருந்தவனைத் தான் காப்பாற்றவும் இல்லை. அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தாள்.

மையித்தைப் பார்த்த டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். உயிர் போனது காலை பத்து மணியளவில்.

பத்து மணி.

அப்படியென்றால் 11.52க்குக் கதைத்தது யார் என்று அவள் அபூசாலியிடம் கேட்டாள். ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு. அபூசாலி குரலைத் தாழ்த்தினார். வேறொன்று சொன்னார்.

"ஒண்டு சொல்றன். ஹாஜறாட்ட சொல்லிராத. மெஷின்ட பிளக்கு சுவத்துல இருக்கல்ல. அவன்ட கைக்குள்ளதான் இருந்த. வெரல ஒவ்வொண்டாப் பிரிச்சித்தான் எடுத்த நான்."

திங்கட்கிழமை கல்முனைக்குத் திரும்பியதும் நதீரா அந்த வெள்ளிக்கிழமைப் பதிவை எடுத்துப் பார்த்தாள். ஹஸன் என்ற மெஷின் பத்து மணிக்கும் ஓடியிருக்கிறது. பதினொரு மணிக்கும் ஓடியிருக்கிறது. ஒரு செக்கன்கூட விடாமல் ஓடியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கியது 12.31க்கு.