சைக்கிள் இல்லாத வரைபடம்

பஞ்சர் அக்காவுக்கு முதலில் தெரிந்த தொழில் தையல். கல்யாணமானபோது கணவருக்குத் தெருமுனையில் சைக்கிள் கடை இருந்தது, பொறுமைதான் இல்லை. டியூபில் ஓட்டையைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு முறை டீ குடிக்கப் போய்விடுவார். அப்படிப் போயிருந்த ஒரு நேரத்தில் அக்காவே டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். "கிழிஞ்சதை மூடுறதுதானே? துணியா இருந்தா என்ன, ரப்பரா இருந்தா என்ன?" என்பார். கணவர் இப்போது சரக்கு வேன் ஓட்டுகிறார். கடை பதினோரு வருடமாக அக்காவுடையது.

கடை என்றால் ஒரு தார்ப்பாய், ஒரு பம்ப், தண்ணீர் பேசின், மரப்பெட்டி நிறைய ஸ்பானர். நடைபாதையில் இருந்ததால் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஐந்தடிக்கு ஆறடி மஞ்சள் கோடு போட்டுத் தருவார்கள். அதற்குள் கூரை போட்டுத் தொழில் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் அதிகாரி பார்க்க வருவார். கோட்டுக்கு வெளியே ஒரு ஸ்பானர் கிடந்தாலும் இடம் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் கட்டடக்கலை படிக்கும் நாங்கள் ஆறு பேர் போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் ஆண்டில் அக்கம்பக்கத்து மக்களுக்கு எதையாவது வரைந்து, நாங்களே கட்டியும் தர வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் ஏற்பாடு.

முதலில் போனது ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. இடத்தை அளந்தோம். அக்காவையும் விடவில்லை. நின்றால் எவ்வளவு உயரம், உட்கார்ந்தால் எவ்வளவு, கை நீட்டினால் எவ்வளவு என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம்.

"சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார் அக்கா.

பத்து நாள் கழித்து வரைபடத்தை மரப்பெட்டியின்மேல் விரித்தோம். எந்நேரமும் விரலில் கோந்தோடு திரிவதால் 'பசை' என்று பெயர் வாங்கிய நண்பன் விளக்கினான். சாய்ந்த தகரக் கூரை, உட்கார ஒரு பெஞ்சு, கருவிகள் மாட்ட ஒரு பலகை. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஓரமாக வரைந்திருந்த உருவங்களின்மேல் விரல் வைத்தார்.

"இது யாரு?"

"சும்மா நடந்து போறவங்க, அக்கா."

"இந்தக் குழந்தை கையில பலூன் வச்சிருக்கே?"

"அது... அழகுக்கு."

"நாய்?"

"அதுவும் அழகுக்குத்தான்."

"மரத்துல ரெண்டு குருவிகூட உட்கார்ந்திருக்கு. எல்லாம் சரி. சைக்கிள் எங்கப்பா?"

ஆறு பேரும் வரைபடத்தின்மேல் குனிந்து தேடினோம்; ஒன்றுகூட இல்லை. அக்கா பழுதுக்கு வந்திருந்த ஒரு சைக்கிளைக் கோட்டுக்குள் கவிழ்த்து வைத்தார். பெஞ்சு வரவேண்டிய இடத்தையும் சேர்த்து அது விழுங்கிவிட்டது. அவர் உட்காரும் முக்காலியை எங்கே போட்டாலும் கோட்டுக்கு வெளியேதான் போனது. அதிகாரி வர இன்னும் பதினெட்டு நாள்.

"பெஞ்சை எடுத்துடலாம்," என்றேன்.

"எடுத்தாலும் ஒரு சைக்கிள்தான் நிக்கும். காலையில ஒரே நேரத்துல மூணு வருமே? ரெண்டு ரோட்டுலயா நிக்கும்?" அக்கா எங்கள் வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்துத் தகரக் கூரை வரப்போகும் உயரத்தைப் பார்த்தார். "தையல் கடையில இடம் பத்தலைன்னா சட்டையை ஹேங்கர்லதானே மாட்டுவோம்? இதையும் மாட்டினா என்ன?"

பசை அங்கேயே உட்கார்ந்து புதிதாக வரையத் தொடங்கினான். பஞ்சராகாத சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டால் சைக்கிள் செங்குத்தாகத் தொங்கும். தரையில் இரண்டடிக்கும் குறைவான அகலம் போதும். கப்பியும் கயிறும் இருந்தால் தூக்குவதும் சிரமமில்லை. பஞ்சரான சக்கரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கைக்கு நேராக வரும்; முக்காலியே வேண்டாம். ஆனால் கூரைக்கு நாங்கள் குறித்திருந்த இரும்புக் குழாய் தகரத்தை மட்டும் தாங்குவதற்குக் கணக்கிட்டது. இரட்டைத் தடிமனில் வேறு குழாய் வாங்கினோம். வெல்டிங் முடிந்ததும் தாங்குமா என்று பார்க்க ஆறு பேரும் அதைப் பிடித்துத் தொங்கினோம்.

வேனை நிறுத்திவிட்டு வந்த அக்காவின் கணவர் அசந்துபோய் நின்றார். "என்னம்மா இது, கொடியில காயப் போட்ட துணி மாதிரி?"

"நீங்களும் வந்து தொங்குங்க. அப்பதான் உண்மை தெரியும்," என்றார் அக்கா.

அவரும் தொங்கினார். குழாய் அசையவில்லை.

அதிகாரி வந்த காலையில் மூன்று சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்ததற்கு அக்கா ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி டேப்பை விரித்து நாலு பக்கமும் அளந்தார். குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். மரப்பெட்டி கோட்டுக்கு நாலு விரல் உள்ளே இருந்தது. பிறகு நிமிர்ந்து, கவலையோடு நின்றிருந்த எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்.

"ஏம்மா, கடை பூரா உள்ளேதான் இருக்கு. நடைபாதையை அடைச்சுக்கிட்டு நிக்கிறது இந்த ஆறு பேருதான்."

அக்கா ஒட்டை அழுத்திப் பிடித்தபடி திரும்பினார். "அவங்களையும் மாட்டிடலாம் சார். பாரம் தாங்கும், பார்த்தாச்சு."

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் அனுமதிக் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.