பிரஷர் பார்க்கும்போது பேசக்கூடாது

இன்று ஸ்கூடாயில் ஒரு கிளினிக்கில் எனக்கு பிரஷர் பார்த்தவர் என் முன்னாள் நர்சிங் மாணவி. உடலியங்கியலில் என்னிடம் 'ஏ' வாங்கியவர்.

நான் உட்கார்ந்ததுமே சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றினார்.

"அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும்னு சொல்லிக் கொடுத்தேனேம்மா?"

"அது எக்ஸாமுக்கு மட்டும்தான் லா, மேடம். வெளிய ஆளுங்க காத்திருக்காங்க. உங்க ஆராய்ச்சி எப்படிப் போகுது?"

விடுவேனா? பட்டை இறுக இறுக, அளக்கும்போது பேசினால் பிரஷர் ஏறும் என்ற என் ஆய்வை மூச்சுவிடாமல் விளக்கினேன்.

நூற்று அறுபத்திரண்டு. வீட்டில் பார்த்தால் நூற்று இருபதைத் தாண்டாது.

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். அதைக் கையில் கொடுத்த மாணவி, "இனிமே அளக்கும்போது பேசாதீங்க, மேடம்" என்றார்.

அவருடைய 'ஏ'வைத் திரும்ப வாங்கவா, எனக்கு ஒரு 'எஃப்' போட்டுக்கொள்ளவா? நீங்களே சொல்லுங்கள்.